யூஜேன் கிறிஸ்தோப்

யூஜேன் கிறிஸ்தோப் (சனவரி 22, 1885 – பெப்ரவரி 1, 1970) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மிதிவண்டிப் பந்தய வீரர் ஆவார். 1904 முதல் 1926 வரை தொழில்முறை வீரராக விளங்கினார். பனிப்பொழிவின் நடுவே நடைபெற்ற 1910 ஆம் ஆண்டின் மிலான் - சான் ரெமோ பந்தயத்தில் வெற்றி பெற்றமைக்காகவும், 1913 ஆம் ஆண்டின் டூர் டி பிரான்சு போட்டியில் உடைந்த மிதிவண்டியைத் தோளில் சுமந்து சென்று கொல்லன் பட்டறையில் தாமே செப்பனிட்டமைக்காகவும் இவர் பெரிதும் அறியப்படுகின்றார். டூர் டி பிரான்சில் முன்னிலை வகிப்பவருக்கு அளிக்கப்படும் மஞ்சள் மேற்சட்டையை 1919 இல் முதன்முதலாக அணிந்தவரும் இவரே. பதினொரு முறை அப்போட்டியில் பங்கேற்று எட்டு முறை இறுதிவரை ஓட்டி முடித்த இவர், ஒருமுறை கூட அதில் முதலிடம் பெறவில்லை.

இளமையும் தொழிலும்

கிறிஸ்தோப் பாரிசு நகரின் தெற்கே அமைந்துள்ள மாலகோஃப் என்னும் புறநகரில் பிறந்தார். இளமையில் பூட்டுச் செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார். இரும்பை அராவுதல், காய்ச்சி வளைத்தல், பொருத்துதல் ஆகியவை அத்தொழிலின் அடிப்படைகள். இக்கைத்திறன் பிற்காலத்தில் பந்தயச் சாலையில் இவருக்குக் கைகொடுத்தது.

பதினெட்டாம் வயதில் பந்தயங்களில் ஓட்டத் தொடங்கி, அடுத்த ஆண்டே தொழில்முறை வீரரானார். 1906 இல் முதன்முறையாக டூர் டி பிரான்சில் கலந்துகொண்டு ஒன்பதாம் இடத்தைப் பெற்றார். அடர்ந்த, தொங்கும் மீசை வைத்திருந்ததால் பிரெஞ்சு மக்கள் இவரைப் பண்டைய கால் இன மக்களோடு ஒப்பிட்டு "கிழ கால்" எனப் பட்டப்பெயரிட்டு அழைத்தனர். "கிறி-கிறி" என்பது இவரது மற்றொரு செல்லப்பெயராகும்.

அக்கால மிதிவண்டிகளும் சாலைகளும்

கிறிஸ்தோப்பின் சாதனைகளை விளங்கிக்கொள்வதற்கு அக்கால மிதிவண்டியின் அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். இரும்புக் குழாய்களால் ஆன அவ்வண்டிகளில் இன்றுள்ளது போன்ற பல்லிணை மாற்றி கிடையாது. டூர் டி பிரான்சில் பல்லிணை மாற்றிகளைப் பயன்படுத்த 1937 ஆம் ஆண்டில்தான் வீரர்கள் அனுமதிக்கப்பட்டனர். அதற்கு முன்னர், பின்சக்கரத்தின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. மலையேற்றம் வந்ததும் வீரர் கீழே இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். குளிரில் விரல்கள் மரத்துப்போன நிலையில் இவ்வேலையே பெரும் சோதனையாகும்.

மலைச் சாலைகள் பெரும்பாலும் தார் இடப்படாத, கல்லும் மண்ணும் நிறைந்த தடங்களாக இருந்தன. இத்தகைய தடங்களில் முன்சக்கரத்தின் அதிர்வுகள் அனைத்தையும் முதலில் தாங்குவது, மிதிவண்டிக் கடைகளில் ஃபோர்க் எனப்படும் முன்கவையே. தொடர்ந்து அதிரும் இரும்பில் கண்ணுக்குப் புலப்படாத சிறு வெடிப்பு தோன்றி, மெல்ல வளர்ந்து, ஒருநாள் திடீரென முறிவில் முடிவதுண்டு. கிறிஸ்தோப்பின் வாழ்வில் இது மூன்று முறை நிகழ்ந்தது.

குளிர்காலமும் சைக்கிளோ-கிராஸ் பந்தயமும்

ஐரோப்பாவில் சாலைப் பந்தயங்கள் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிவடைகின்றன. எஞ்சிய குளிர் மாதங்களில் வீரர்கள் உடற்பயிற்சியையும் ஊக்கத்தையும் இழக்காமல் இருப்பது கடினம். இவ்விடைவெளியை நிரப்பும் வகையில் பிரான்சில் தோன்றியதே சைக்கிளோ-கிராஸ் என்னும் பந்தய வகை. சேற்று வயல்கள், காட்டுப் பாதைகள், செங்குத்தான மேடுகள் ஆகியவற்றின் ஊடாக இப்பந்தயம் நடைபெறும். ஓட்ட இயலாத இடங்களில் வீரர்கள் மிதிவண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவர். உடலுழைப்பு மிகுதியாகவும் வேகம் குறைவாகவும் இருப்பதால், எதிர்க்காற்றின் குளிர் சாலையில் தாக்கும் அளவுக்கு இங்கு தாக்குவதில்லை. பந்தய நேரமும் குறைவு.

டானியல் கூசோ என்பவரின் முயற்சியால் 1902 இல் இதற்கான பிரெஞ்சு தேசியப் போட்டி தொடங்கப்பட்டது. 1910 ஆம் ஆண்டின் டூர் டி பிரான்சில் வென்ற ஒக்தாவ் லபீஸ், தமது வெற்றிக்குக் குளிர்காலத்தில் மேற்கொண்ட இப்பயிற்சியும் ஒரு காரணம் எனக் கூறியதையடுத்து இப்பந்தயம் மேலும் புகழ் பெற்றது.

கிறிஸ்தோப் இப்பந்தய வகையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகின்றார். 1909 முதல் 1914 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் தேசியப் பட்டத்தை வென்றார். போருக்குப் பின்னர், 1921 இல், முப்பத்தாறாம் வயதில் ஏழாவது முறையாக அப்பட்டத்தைப் பெற்றார்.

1910: மிலான் - சான் ரெமோ

மிலான் - சான் ரெமோ பந்தயம் 1907 இல் தொடங்கப்பட்டது. வட இத்தாலியச் சமவெளியிலிருந்து புறப்படும் பாதை, துர்கீனோ என்னும் கணவாயைக் கடந்து மத்தியதரைக் கடற்கரையை அடைந்து, அங்கிருந்து மேற்கே சான் ரெமோ வரை செல்கின்றது. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 290 கிலோமீட்டர்.

ஏப்ரல் 3, 1910 அன்று நடைபெற்ற நான்காவது பந்தயத்தின்போது வானிலை மிகவும் மோசமாக இருந்தது. கடுங்குளிரில் மிலானிலிருந்து புறப்பட்ட வீரர்களின் முன்னால் சாலை சேறாகிக் கிடந்தது. துர்கீனோவை நெருங்கியபோது பனி பெய்து தரையை மூடியிருந்தது. பலர் வழியிலேயே விலகினர். 1908 இல் இப்பந்தயத்தை வென்றவரும் அன்று முன்னணியில் சென்றவருமான பெல்ஜிய வீரர் சிரில் வான் ஹவேர்ட்டும் தொடர இயலாமல் நின்றுவிட்டார்.

கணவாயைக் கடந்த பின்னர் கிறிஸ்தோப்பும் வயிற்று வலியாலும் குளிராலும் நகர இயலாத நிலையை அடைந்தார். வழிப்போக்கர் ஒருவரின் உதவியால் அருகிலிருந்த விடுதி ஒன்றை அடைந்தார். அங்கு ஈர உடைகளைக் களைந்து, கம்பளியைப் போர்த்தி, உடலில் சூடு பரவும்வரை அசைவுப் பயிற்சிகள் செய்தார். சுமார் இருபத்தைந்து நிமிடங்கள் கழிந்தபின், உடல் முழுவதும் சேறு படிந்த வீரர்கள் சிலர் விடுதியைக் கடந்து செல்வதைக் கண்டார். இவரை வெளியே அனுப்ப விடுதிக்காரருக்கு மனமில்லை. தொடர்வண்டியில் ஏறிக்கொள்ளப்போவதாக அவரிடம் சொல்லிவிட்டு வெளியேறியதாகக் கிறிஸ்தோப் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். இரவலாகப் பெற்ற நீண்ட காற்சட்டையை அணிந்தபடி மீண்டும் வண்டியேறி, முன்சென்ற ஒவ்வொருவரையும் முந்தினார்.

12 மணி 24 நிமிடங்களில் சான் ரெமோவை அடைந்து முதலிடம் பெற்றார். இரண்டாம் இடம் அறிவிக்கப்பட்ட ஜியோவானி கோக்கி ஒரு மணி நேரத்துக்கும் பிந்தியே வந்தார். இடையில் வந்த இத்தாலிய வீரர் லூயிஜி கன்னா, வழியில் மோட்டார் வண்டியில் பயணித்த குற்றத்துக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் நால்வர் மட்டுமே.

இவ்வெற்றிக்குக் கிறிஸ்தோப் கொடுத்த விலை பெரிது. கைகளில் ஏற்பட்ட பனிக்கடியின் காரணமாக ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையில் தங்க நேரிட்டது. உடல் பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஆயினும் குளிர்காலப் பந்தயங்களை அவர் கைவிடவில்லை. அடுத்த ஆண்டும் சைக்கிளோ-கிராஸ் தேசியப் பட்டம் இவரிடமே இருந்தது.

1912: இரண்டாம் இடம்

1912 ஆம் ஆண்டின் டூர் டி பிரான்சில் கிறிஸ்தோப் தொடர்ந்து மூன்று கட்டங்களில் வென்றார். அவற்றுள் ஷமோனி - கிரெனோபிள் கட்டத்தில் ஆல்ப்சு மலைகளின் ஊடாக 315 கிலோமீட்டர் தொலைவைத் தனியாக முன்னேறிக் கடந்தார். அவ்வாண்டு மொத்த நேரத்துக்குப் பதிலாகப் புள்ளிகளின் அடிப்படையில் வெற்றி முடிவு செய்யப்பட்டது. பெல்ஜியத்தின் ஒடீல் டெஃப்ரே முதலிடத்தையும் கிறிஸ்தோப் இரண்டாம் இடத்தையும் பெற்றனர். டூர் டி பிரான்சில் இவர் அடைந்த மிக உயர்ந்த இடம் இதுவே. அடுத்த ஆண்டு முதல் மீண்டும் நேரக் கணக்கு முறை கொண்டுவரப்பட்டது.

1913: துர்மலே மலையும் கொல்லன் பட்டறையும்

1913 போட்டியின் ஆறாவது கட்டம் பயோனிலிருந்து லூஷோன் வரை, பிரனீசு மலைத்தொடரின் ஊடாக 326 கிலோமீட்டர் நீளம் கொண்டிருந்தது. அன்று டெஃப்ரே பின்தங்கிப் போட்டியிலிருந்து விலகவே, மொத்த நேரத்தில் கிறிஸ்தோப் முன்னிலைக்கு வரும் வாய்ப்பு உருவானது. 2,115 மீட்டர் உயரமுள்ள துர்மலே கணவாயைப் பெல்ஜிய வீரர் பிலிப் தீஸ் முதலிலும் கிறிஸ்தோப் அவரை அடுத்தும் கடந்தனர். இறக்கத்தில் கிறிஸ்தோப்பின் மிதிவண்டியின் முன்கவை முறிந்தது.

அக்கால விதிகளின்படி வீரர் தமது வண்டியைப் பிறர் உதவியின்றித் தாமே பழுதுபார்க்க வேண்டும். வேறு வண்டியைப் பெற்றுக்கொள்ளவும் அனுமதியில்லை. எனவே கிறிஸ்தோப் மிதிவண்டியைத் தோளில் ஏற்றி, முன்சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை நடந்தும் ஓடியும் கடந்தார். பின்னால் வந்த வீரர்கள் ஒவ்வொருவராக இவரை முந்திச் சென்றனர். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின்னர் மலையடிவாரத்திலுள்ள சான்ட் மரி டி காம்பான் என்னும் சிற்றூரை அடைந்தார். ஊர்ச் சிறுமி ஒருத்தி இவரைக் கொல்லன் பட்டறைக்கு வழிகாட்டி அழைத்துச் சென்றாள்.

பட்டறை உரிமையாளர் செய்முறையைச் சொல்லலாமே தவிர, கருவியைத் தொட இயலாது. போட்டி அலுவலர்கள் சுற்றி நின்று கண்காணித்தனர். பூட்டுத் தொழிலில் பெற்ற பயிற்சியைக் கொண்டு கிறிஸ்தோப் தாமே இரும்பைக் காய்ச்சி, அடித்து, முறிந்த கவையை ஒட்டினார். ஒரு கையால் சூடான இரும்பைப் பிடித்து மறு கையால் சம்மட்டியை வீசும்போது துருத்தியை இயக்க மூன்றாவது கை தேவைப்பட்டது. பட்டறையிலிருந்த சிறுவன் துருத்தியை இயக்கினான். இதுவும் வெளியுதவியே என முடிவு செய்த அலுவலர்கள் பத்து நிமிட அபராதம் விதித்தனர். பின்னர் அது குறைக்கப்பட்டது.

வேலை முடிந்ததும் கிறிஸ்தோப் மீண்டும் புறப்பட்டு, எஞ்சியிருந்த ஆஸ்பின், பெய்ரசூர்த் ஆகிய இரு கணவாய்களையும் ஏறிக் கடந்து லூஷோனை அடைந்தார். அன்று வென்ற தீசை விட ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிந்தியிருந்தார். வெற்றி வாய்ப்பு முற்றிலும் இல்லாதுபோன நிலையிலும் போட்டியிலிருந்து விலகாமல், பாரிசு வரை ஓட்டி ஏழாம் இடத்தைப் பெற்றார். தீஸ் அவ்வாண்டின் வெற்றியாளரானார்.

1919: மஞ்சள் மேற்சட்டை

முதல் உலகப் போரினால் 1915 முதல் 1918 வரை டூர் டி பிரான்சு நடைபெறவில்லை. முன்னாள் வெற்றியாளர்களான பிரான்சுவா ஃபாபர், ஒக்தாவ் லபீஸ், லூசியன் பெத்தி-பிரெத்தோன் ஆகிய மூவரும் போர்க்காலத்தில் உயிரிழந்தனர். 1919 இல் போட்டி மீண்டும் தொடங்கியபோது சாலைகள் சிதைந்திருந்தன. டயர் உள்ளிட்ட பொருள்களுக்குத் தட்டுப்பாடு நிலவியது. புறப்பட்ட 67 வீரர்களில் பத்துப் பேர் மட்டுமே இறுதிப் பட்டியலில் இடம்பெற்றனர்.

முன்னிலை வகிப்பவரை மக்கள் எளிதில் அடையாளம் காணும்பொருட்டு அமைப்பாளர் ஆன்ரி டெகிரான்ஜ் மஞ்சள் நிற மேற்சட்டையை அறிமுகப்படுத்தினார். போட்டியை நடத்திய இதழ் மஞ்சள் தாளில் அச்சிடப்பட்டதே இந்நிறத்துக்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. சூலை 19, 1919 அன்று கிரெனோபிளில் கிறிஸ்தோப் அதனை அணிந்தார். வழியில் நின்றவர்கள் மஞ்சள் நிறக் கானரிப் பறவையோடு ஒப்பிட்டுத் தம்மைக் கேலி செய்ததாக அவர் குறைப்பட்டுக்கொண்டார். போருக்கு முன்பே தாம் மஞ்சள் சட்டை அணிந்ததாகப் பிலிப் தீஸ் பின்னாளில் கூறியபோதிலும், உறுதியான சான்றுகளோடு முதலில் அணிந்தவராகக் கிறிஸ்தோப்பே ஏற்கப்படுகின்றார்.

இறுதிக்கு முந்தைய கட்டம் மெட்சிலிருந்து டன்கர்க் வரை 468 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் தொடக்கத்தில் கிறிஸ்தோப் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் முன்னிலையில் இருந்தார். வலான்சியென் நகருக்கு அருகே, கல் பாவிய சாலையில், இவரது முன்கவை மீண்டும் முறிந்தது. அருகிலிருந்த தொழிற்கூடத்தில் தாமே செப்பனிட்டு முடிப்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழிந்துவிட்டது. ஃபிர்மின் லாம்போ முதலிடத்துக்கு முன்னேறினார். பாரிசை அடைந்தபோது கிறிஸ்தோப்புக்கு மூன்றாம் இடமே கிடைத்தது. இவர்பால் இரக்கம் கொண்ட பொதுமக்கள் இதழின் வழியாக அளித்த நன்கொடை, வெற்றியாளருக்குரிய பரிசுத் தொகையை விடவும் அதிகமாக இருந்தது.

பிற்காலம்

1920 இல் பாரிசு - தூர் பந்தயத்திலும், 1920, 1921 ஆகிய ஆண்டுகளில் போர்தோ - பாரிசு பந்தயத்திலும் கிறிஸ்தோப் வெற்றி பெற்றார். 1922 இல் முப்பத்தேழாம் வயதில் மீண்டும் மஞ்சள் மேற்சட்டையை அணிந்தார். அதனை அணிந்தவர்களுள் மிக மூத்தவர் இவரே. அதே போட்டியில் ஆல்ப்சு மலைத்தொடரின் காலிபியே கணவாயிலிருந்து இறங்குகையில் மூன்றாவது முறையாக முன்கவை முறிந்தது. அப்போதும் விலகாமல் எட்டாம் இடத்தில் முடித்தார். 1925 இல், நாற்பதாம் வயதில், கடைசி முறையாக டூர் டி பிரான்சில் கலந்துகொண்டு இறுதிவரை ஓட்டினார். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார்.

மிதிக்கட்டையில் பாதத்தை நிலைநிறுத்தும் பற்றிகளும் தோல் வார்களும் இவரது பெயரில் பல்லாண்டுகள் விற்பனை செய்யப்பட்டன. பந்தயங்களைப் பற்றி அறியாத மிதிவண்டி ஓட்டிகளும் இப்பெயரை அறிந்திருந்தனர். 1970 ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் நாளன்று, எண்பத்தைந்தாம் வயதில், பாரிசில் காலமானார்.

சான்ட் மரி டி காம்பானில் பட்டறை இருந்த கட்டடத்தில் 1913 நிகழ்வை நினைவுகூரும் பலகை பதிக்கப்பட்டுள்ளது. அவ்வூரில் இவருக்குச் சிலையும் எழுப்பப்பட்டுள்ளது.

முக்கிய வெற்றிகள்

- சைக்கிளோ-கிராஸ் பிரெஞ்சு தேசியப் பட்டம்: 1909, 1910, 1911, 1912, 1913, 1914, 1921
- மிலான் - சான் ரெமோ: 1910
- டூர் டி பிரான்சு: 1912 (இரண்டாம் இடம், மூன்று கட்ட வெற்றிகள்), 1919 (மூன்றாம் இடம்)
- பாரிசு - தூர்: 1920
- போர்தோ - பாரிசு: 1920, 1921