கட்டடமும் கரண்ட் பில்லும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, கல்லூரி நாட்களைப் பற்றிய ஜாலியான கட்டுரையாக எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேச்சோடு பேச்சாக, இந்த வருடம் நம் சங்கம் கல்லூரிக்கு ஒரு ஆய்வுக்கூடம் கட்டித் தரலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். உடனே எனக்கு ஆசுதோஷ் முகர்ஜி ஞாபகம் வந்துவிட்டார். அவர் கதையையே எழுதுகிறேன். ஜூனியர் தம்பி தங்கைகளும் பொறுமையாகப் படிக்கணும்.

1864 ஜூன் 29-ல் கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா டாக்டர். பையனுக்குக் கணக்கு என்றால் உயிர். இளம் வயதிலேயே கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவர், பிறகு சட்டம் படித்து 1904-ல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1906-லிருந்து 1914 வரை கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்தப் பதவிக்கு அப்போது சம்பளம் கிடையாது. பகலில் கோர்ட்டு, மிச்ச நேரமெல்லாம் பல்கலைக்கழகம்.

அந்தக் காலத்துப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் ஆபீஸ்தான். அதைப் பாடம் நடத்தும் இடமாக, ஆராய்ச்சி செய்யும் இடமாக மாற்றணும் என்பது அவர் கனவு. கனவுக்குப் பணம் வேணுமே! இரண்டு வக்கீல்கள் முன்வந்தார்கள். தாரக்நாத் பாலித் 1912-ல் நிலமும் பணமுமாக ஏறத்தாழ 15 லட்சம் கொடுத்தார். ராஷ்பிகாரி கோஷ் 1913-ல் 10 லட்சம் கொடுத்தார். 1914-ல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியாயிற்று.

நன்கொடையோடு நிபந்தனையும் வந்தது. பேராசிரியர் பதவிகளில் இந்தியர்கள்தான் அமர வேண்டும். ஆய்வுக்கூடம், பட்டறை, நூலகம் போன்ற வசதிகளைப் பல்கலைக்கழகம் தன் சொந்தப் பணத்தில் செய்து தர வேண்டும். ஆசுதோஷ் சம்மதித்தார். நிதித்துறையில் நல்ல சம்பளத்தில் இருந்த நம்ம ஊர் சி.வி. ராமன், அதில் ஏறத்தாழ பாதிக்கு 1917-ல் பாலித் பேராசிரியராக வந்து சேர்ந்தார். மேகநாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ் என்ற இரண்டு இளைஞர்களும் அங்கே விரிவுரையாளர்களாக இருந்தார்கள். இப்படிப்பட்ட ஆட்களைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டு உட்கார வைத்ததுதான் அவருடைய பெரிய கெட்டிக்காரத்தனம்.

சரி, மாதாமாதச் செலவுக்கு? முக்கியமான வருமானம் பரீட்சைக் கட்டணம்தான். ஆயிரக்கணக்கான பையன்கள் கட்டிய காசில்தான் முதுகலை வகுப்புகள் ஓடின. ஒரே தூணில் நிற்கும் கட்டடம் மாதிரி. நாம் எஞ்சினியர்கள், அதன் ஆபத்து நமக்குத் தெரியாதா?

1921-ல் தூண் ஆடியது. ஒத்துழையாமை இயக்கத்தில் மாணவர்கள் வெளியேற, கட்டண வரவு குறைந்தது. 1919-ஆம் வருடச் சட்டப்படி கல்வி மாகாண அரசின் பொறுப்புக்கு வந்திருந்தது. ஆனால் வங்காள அரசின் கஜானாவிலேயே துண்டு விழுந்துகொண்டிருந்தது. அதே வருடம் டாக்காவில் புதிய பல்கலைக்கழகம் வேறு தொடங்கியிருந்தார்கள். கல்கத்தாவில் பற்றாக்குறை லட்சக்கணக்கில் ஏறியது, ஆசிரியர்களுக்குச் சம்பள பாக்கி. இந்த நெருக்கடியில்தான் ஆசுதோஷ் 1921-ல் மறுபடி துணைவேந்தராக வந்தார்.

அரசு 1922-ல் இரண்டரை லட்சம் தருவதாகச் சொன்னது. கூடவே, கணக்கு வழக்கிலும் விரிவாக்கத்திலும் அரசின் பிடி இறுகும்படியான நிபந்தனைகள். டிசம்பரில் செனட் சபையில் அந்தப் பணமே வேண்டாம் என்று முழங்கினார் ஆசுதோஷ். 1923 மார்ச்சில் கவர்னர் லிட்டன், அரசை எதிர்க்காமல் இருந்தால் பதவியில் நீடிக்கலாம் என்று எழுத, கடுமையாகப் பதில் எழுதிவிட்டுப் பதவியை உதறினார். அடுத்த வருடம், 1924 மே 25-ல், ஒரு வழக்குக்காகப் போயிருந்த பாட்னாவில் காலமானார். வயது 59.

நன்கொடையாளர் நிபந்தனையை ஏற்றவர், அரசின் நிபந்தனையை ஏன் மறுத்தார்? எனக்குப் புரிந்தது இதுதான். முன்னது வேலையைச் செய் என்றது. பின்னது, வேலையை நிறுத்தும் சாவியைக் கேட்டது.

ஆனாலும் அவரை முழுக்கக் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. நான் ஒரு ஆலையில் பராமரிப்புப் பிரிவு பட்ஜெட் போடுகிறவன். வருமானம் உறுதியாகும் முன்பே துறை மேல் துறையாகத் திறந்தார் என்று அன்றைக்கே குறை சொன்னவர்கள் இருந்தார்கள். அதில் நியாயமும் உண்டு. கொள்கைக்காகப் பணத்தைத் திருப்பி அனுப்பினால் கைதட்டல் கிடைக்கும். சம்பளம் வராத விரிவுரையாளர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? பிரபுல்ல சந்திர ராய் மாதிரி, 60 வயதான 1921-லிருந்து தன் சம்பளத்தையே பல்கலைக்கழகத்துக்கு விட்டுக்கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

ஆனால் விளைச்சலையும் பார்க்கணும். 1920-ல் சாஹாவின் அயனியாக்கக் கொள்கை. 1928-ல் ராமன் விளைவு. அப்போதும் ராமன் பாலித் பேராசிரியர்தான். கணக்குப் பார்த்துப் பார்த்துத் திறந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமோ என்னவோ.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் மூன்றாம் வருடம் படித்தபோது, யு.டி.எம். மெஷின் ஒரு செமஸ்டர் முழுக்கத் தார்ப்பாய்க்குள் தூங்கியது நம் பேட்ச் நண்பர்களுக்கு மறந்திருக்காது. மெஷின் வாங்கப் பணம் இருந்தது, ரிப்பேருக்கு இல்லை. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதினோம். இரும்புக் கம்பி அறுபடும் சத்தத்தை நான் முதன்முதலில் கேட்டது வேலைக்குப் போன பிறகுதான்.

ஆகவே நண்பர்களே, ஆய்வுக்கூடம் கட்டுவோம். கல்வெட்டில் பெயரும் பொறிப்போம், தப்பில்லை. ஆனால் திரட்டுவதில் ஒரு பங்கை வங்கியில் போட்டு, அதன் வட்டி கரண்ட் பில்லுக்கும் ரிப்பேருக்கும் லேப் உதவியாளர் சம்பளத்துக்கும் மட்டுமே என்று எழுதி வைப்போம். பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய ஒரு ஆள் வேணும். யார் வர்றீங்க?