இரகுநாத நாயக்கர் படைக்கலம் தேடிய திறம்

தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னருள் மூன்றாமவர் இரகுநாத நாயக்கர். 1600ஆம் ஆண்டு முதல் 1634ஆம் ஆண்டு வரை அரசு செலுத்தினார். இசையிலும் காவியத்திலும் அவர் பெற்ற புகழும், குடந்தை இராமசாமி கோயில் திருப்பணியும் நம் சங்கத்து அன்பர் பலரும் அறிந்தவை. ஆதலின் அவற்றை விடுத்து, அவர் படைக்கு வேண்டுவன தேடிய திறத்தையே ஈண்டு ஆராய்வாம்.

1616ஆம் ஆண்டளவில், விஜயநகர அரியணை குறித்துத் தோப்பூரில் எழுந்த பெரும்போரில் அவர் இராமதேவராயர் பக்கம் நின்று வென்றார். ஆயினும் கடற்கரையில் நாகப்பட்டினத்துப் போர்த்துக்கேசியர் வலிமை குன்றாதிருந்தனர். கடல்வழி வரும் பண்டங்கட்கு அவரையே நம்பியிருத்தல் ஓர் அரசுக்கு ஆகாது. விற்பவன் ஒருவனேயாயின், விலை சொல்பவனும் அவனே. பகைத்த நாளில் கதவடைப்பவனும் அவனே. 1620 நவம்பரில் மன்னர் டேனியர்க்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாணிகம் செய்ய உரிமை ஈந்தார். இதனை வெறும் மிளகு வாணிகமெனக் கொள்வாரும் உளர். யாம் அங்ஙனம் கொள்ளோம். எனினும் யாழ்ப்பாணத்துக்கு அவர் விடுத்த படைகள் போர்த்துக்கேசியரிடம் தோற்றே போயின. கப்பற்படை இல்லாக் குறையை ஓர் உடன்படிக்கை நிரப்பிவிடுமோ?

இனித் தஞ்சைக் கோட்டையின் கீழ்வாயிலருகே பீரங்கி மேட்டிலுள்ள பெரும்பீரங்கியைக் காண்போம். அஃது இவர் காலத்ததெனக் கருதப்படுகிறது. சுமார் 25 அடி நீளம். எடையோ 20 டன்னுக்கும் மிகும். வெண்கலத்தில் வார்ப்பதாயின் வெள்ளீயம் கடல் கடந்து வரவேண்டும். இரும்போ உள்நாட்டில் கிடைப்பது. ஆதலின் நீண்ட இரும்புப் பட்டைகளை உருளையாகச் சேர்த்து, அவற்றின்மேல் வளையங்களைக் காய்ச்சி அடித்து இறுக்கினர். நம் நாட்டுக் கொல்லர் கைத்திறனை நம்பிச் செய்த இம்முடிவு மிக நன்று. ஆனால் இத்துணைப் பாரத்தைக் காவிரி வண்டலில் எந்த வண்டி இழுக்கும்? பகைவன் வேறு திசையில் வரின், அங்கே இதனைக் கொண்டுசெல்வது எங்ஙனம்? செய்ய முடியுமா என்று வினவியவர்கள், எங்கே பயன்படும் என்று வினவினார்களா என்பதே எம் ஐயம்.

நம் பாபநாசத்துத் திருப்பாலைத்துறையில், பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று உண்டு. 3000 கலம் கொள்ளும். பீரங்கியைக் காணச் செல்வோர் அதனையும் கண்டு வருக. சோறின்றிப் படை ஒரு நாளும் நில்லாது; படைச்செலவுக் கணக்கில் நெல்லை முதலில் எழுதுவதே முறையென்பது எம் துணிபு.

1673ஆம் ஆண்டு மதுரைச் சொக்கநாத நாயக்கர் படை தஞ்சையைக் கைக்கொண்டது. இரகுநாதர் மைந்தர் விஜயராகவர் போரில் மடிந்தார். தந்தையின் காலத்துப் பீரங்கி தன் மேட்டிலேயே இருந்தது. வெயிலும் மழையும் ஏறக்குறைய 400 ஆண்டுகளாகப் படிந்தும் அவ்விரும்பு இன்னும் துருவால் அழிந்திலது.