மூச்சுத்திணறலா… என்ன வேலை பார்க்கிறீங்க? 300 வருஷம் முன்பே கேட்ட டாக்டர் ரமாசினி!

ஆஸ்துமான்னு போனால், லீவு நாள்ல மூச்சுத்திணறல் குறையுதா என்று விவரமான டாக்டர் கேட்பார். அந்தக் கேள்விக்கு விதை போட்டவர் பெர்னார்டினோ ரமாசினி.

1633-ல் இத்தாலியின் கார்பி நகரில் பிறந்தவர். பார்மாவில் மருத்துவம் படித்து, மொடேனாவில் பேராசிரியரானார். அங்கே அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி, அவசர அவசரமாக வேலை பார்த்தார். ஏன் இவ்வளவு வேகம் என்று விசாரித்தார் ரமாசினி. நாலு மணி நேரம் தாண்டினால் கண்ணே போயிடும் என்பது பதில்!

அதன்பிறகு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். பேராசிரியர்கள் எட்டிக்கூடப் பார்க்காத இடங்கள் அவை. பார்த்ததை எல்லாம் 1700-ல் லத்தீனில் நூலாக வெளியிட்டார். நோயாளியிடம் கேட்க ஹிப்போகிரட்டீஸ் சொன்ன கேள்விகளோடு, தொழில் என்ன என்பதையும் கட்டாயம் சேர்க்கச் சொன்னார்.

ரொட்டி சுடுபவர்கள், தானியம் சலிப்பவர்களின் மூச்சிரைப்பும் அந்த நூலில் இருக்கு. மாவுத்தூள் உள்ளே போய் பசைபோல ஒட்டிக்கொள்கிறது என்று நினைத்தார். காரணம் தப்பு, கவனிப்பு பக்கா. மாவில் உள்ள புரதங்களுக்கு வரும் அலர்ஜிதான் வில்லன் என்று இன்று தெரியும்.

1713-ல் இன்னும் பல தொழில்களைச் சேர்த்து இரண்டாம் பதிப்பு வந்தது. அடுத்த ஆண்டே பாடுவாவில் இறந்தார்.

அவருடைய கேள்விக்கு இன்று டாக்டரும் சட்டமும் தேடும் பதில் ஒன்றல்ல. வேலையால் புதிதாக வந்த ஆஸ்துமா, ஏற்கெனவே இருந்து வேலையால் மோசமான ஆஸ்துமா என மருத்துவம் இரண்டையும் கணக்கில் எடுக்கும். வேலை நாளிலும் லீவு நாளிலும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதவைத்து வித்தியாசம் பார்ப்பார்கள். அலர்ஜி உருவாக மாதங்கள், சமயத்தில் வருஷங்கள்கூட ஆகும் என்பதால், சேர்ந்தப்போ நல்லாத்தானே இருந்தார் என்ற வாதம் செல்லாது.

சட்டத்துக்கோ பட்டியல் வேண்டும். பிரிட்டன் 1982-ல் இழப்பீடு தர ஆரம்பித்தபோது, பட்டியலில் இருந்தவை வெறும் 7 காரணிகள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2010 பட்டியலும் வேலையால் உண்டான ஆஸ்துமாவைத்தான் சொல்கிறது. சின்ன வயசிலிருந்தே இழுப்பு உள்ள ஒருவருக்கு மாவு மில்லில் அது இரட்டிப்பானால், டாக்டர் சீட்டு எழுதிவிடுவார். இழப்பீட்டுக்குத்தான் இழுபறி.