கணித மேதை இராமானுஜன்

வல்வில் ஓரி என்னும் வள்ளல் ஆண்ட கொல்லிமலைக்கு அண்மையில் உள்ளது நாமக்கல். அங்குக் கோயில் கொண்டுள்ள நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாக வழிபட்ட குடும்பத்தில், 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில் பிறந்தவர் இராமானுஜன். அவர் தந்தையார் கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர், தாயார் கோமளத்தம்மாள்.

கும்பகோணத்தில் பயின்றபோதே இராமானுஜன் எண்களில் ஆழ்ந்துவிட்டார். ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். மீண்டும் முயன்றும் தேர்வில் தேறவில்லை. வறுமை வாட்டியது. தாள் வாங்கப் பொருளின்மையால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913இல் ஹார்டி என்னும் கணித அறிஞருக்கு அவர் எழுதிய கடிதம், அடுத்த ஆண்டே அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்றது.

அங்கு அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்றை ஓர் எளிய கணக்கால் உணரலாம். கொல்லிமலையில் விளைந்த சாமை 12 படியைப் பங்கிடுவதாகக் கொள்க. ஒருவர்க்கு 12 படி, இருவர்க்கு 6, மூவர்க்கு 4, நால்வர்க்கு 3, அறுவர்க்கு 2, பன்னிருவர்க்கு 1. ஆள் பெருகப் பங்கு சுருங்கும். இரண்டையும் பெருக்கினால் என்றும் 12. இதுவே எதிர் மாறல். ஆள்தொகையைக் கிடை அச்சிலும் பங்கைச் செங்குத்து அச்சிலும் அளந்து புள்ளிகள் இட்டு இணைத்தால், முதலில் விரைந்து இறங்கிப் பின்னர் மெல்லச் சாயும் வளைகோடு தோன்றும். அஃது அச்சுகளை நெருங்குமேயன்றித் தொடாது.

ஐவர்க்குப் பங்கிட்டால் பின்னம் வரும். ஆகவே அவ்வளைகோட்டில் முழு எண்களால் அமையும் புள்ளிகள் ஆறே. 12இன் காரணிகளும் ஆறே. 12இன் கீழ் உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இவ்வாறு, தம்மினும் சிறிய எண்கள் அனைத்தையும்விட மிகுதியான காரணிகளையுடைய எண்களையே இராமானுஜன் ஆராய்ந்தார். 12ஐ அடுத்து இச்சிறப்புடையது 24. அதற்கு எட்டுக் காரணிகள்.

இவ்வாராய்ச்சி 1915இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்தது. தேர்வில் தவறியவர்க்கு, 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் இதனால் கிட்டியது. 1918இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

ஆயினும் குளிரும் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் அவர் உடலை நலிவித்தன. 1919இல் தாயகம் திரும்பினார். நோய்ப்படுக்கையிலும் புதியன கண்டு ஹார்டிக்கு எழுதினார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 32.

அவர் பிறந்த நாளை நாடு தேசியக் கணித நாளாகப் போற்றுகின்றது. வறுமையும் தோல்வியும் சூழ்ந்தபோதும் கற்பலகையைக் கீழே வையாத அவரது ஊக்கம் மாணவர்க்கு என்றும் வழிகாட்டும்.