சிவஞான முனிவரும் இறந்தகாலமும்

‘நெய்தான்’ என்னும் சொல்லின் நடுவே நிற்கும் தகர ஒற்று இறந்தகாலம் காட்டும் இடைநிலையாகும். தமிழ் வகுப்பில் இதனைக் கற்று, அடுத்து வரலாற்று வகுப்பில் அமரும்போது, இரண்டும் ஒரே பாடத்தின் இரு கூறுகள் என்றே எனக்குத் தோன்றும். அவ்வெண்ணத்தைத் தெளிவாக்கியது மாதவச் சிவஞான முனிவரின் வாழ்க்கை.

பொருநையாறு பாயும் நெல்லைச் சீமையில், விக்கிரமசிங்கபுரத்தில், ஆனந்தக்கூத்தருக்கும் மயிலம்மைக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முக்களாலிங்கர். இளமையிலேயே திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து துறவு பூண்டார்; தமிழும் வடமொழியும் துறைபோகக் கற்றார். சிவஞானபோதத்துக்கு அவர் கண்ட பேருரை மாபாடியம் எனப் போற்றப்படுகிறது. நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய விருத்தியுரையைத் திருத்தியும் விரித்தும் செப்பம் செய்தார். 1785இல் மறைந்தார்.

நம் காஞ்சியிலும் அவர் சில காலம் தங்கியிருந்தார். காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டம் அவர் பாடியதே. இரண்டாம் காண்டத்தை அவர் மாணவர் கச்சியப்ப முனிவர் பாடினார். காலத்தின் இலக்கணத்தை ஆராய்ந்த கையே ஓர் ஊரின் பழமையையும் எழுதிற்று.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் காலம் மாறி வருவதை நன்னூல் ஏற்கிறது. வீட்டை விட்டு இன்னும் புறப்படாதவனும் ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறான். இலக்கணம் அதனை அமைத்துக்கொள்கிறது. ஆகவே, இறந்தகால இடைநிலை சொல்பவரின் துணிவைக் காட்டுமேயன்றி நிகழ்ச்சிக்குச் சான்றாகாது. உமையம்மை கம்பையாற்றங்கரையில் மணல் இலிங்கம் அமைத்து வழிபட்டாள் என்கிறோம். இராசசிம்ம பல்லவன் கயிலாசநாதர் கோயிலைக் கட்டினான் என்கிறோம். இரண்டும் இறந்தகால வினைமுற்றுகளே. முன்னதைப் பக்தி ஏற்கிறது. பின்னதற்கு அக்கோயிலின் கல்வெட்டே சாட்சி. இவ்வேறுபாட்டை அறிவதே வரலாற்றுக் கல்வியின் தொடக்கம்.

இதனால் புராணத்தைப் பொய்யென்று தள்ளிவிட வேண்டும் என்பதன்று என் கருத்து. 18ஆம் நூற்றாண்டுச் சான்றோர் காஞ்சியை எவ்வாறு நினைந்து போற்றினர் என்பதற்கு அந்நூலே சிறந்த சான்று. எதற்குச் சான்று என்று கேட்கத் தெரிந்தால் புராணமும் வரலாற்றுக்கு உதவும்.

சரிகையின் மேற்பூச்சைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்த்து வாங்கும் ஊர் நம் ஊர். இறந்தகாலத்தில் சொல்லப்படும் ஒவ்வொரு செய்தியையும் அவ்வாறே ஆராய்ந்து ஏற்போமாக.