கல்லைக் கண்டவர், கல்லை வரைந்தவர்: இராபர்ட் புரூஸ் ஃபூட்

கொசத்தலையாற்றின் கரையோரம், பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அண்மையில் அமைந்துள்ள அத்திரம்பாக்கம் சின்னஞ்சிறு ஊர். ஆயினும், உலகத் தொல்லியல் நூல்கள் பலவற்றில் அதன் பெயர் இடம்பெற்றுள்ளது. அவ்வூர் ஓடையில் கிடந்த கற்கள் மனிதன் கைபட்ட கருவிகள் என்று 1863-ஆம் ஆண்டில் கண்டறிந்து உலகிற்கு உணர்த்தியவர்கள் இருவர். ஒருவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். மற்றவர் அவருடைய உடன்பணியாளர் வில்லியம் கிங். ஃபூட்டை நிலவியல் அறிஞராகவும் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தையாகவும் அறிந்தோர் பலர். அவர் நிலக்காட்சிகளைத் தீட்டி மகிழ்ந்த ஓவியரும் ஆவார் என்பதை அறிந்தோர் சிலரே.

ஃபூட் 1834 செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தின் செல்டனாம் நகரில் பிறந்தார். 1858 டிசம்பர் 29-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 24. பாறைகளின் வகைகளையும் மண்ணடுக்குகளின் வரிசையையும் நேரில் கண்டு, நிலப்படத்தில் குறித்து, அறிக்கை எழுதுவதே அவர் பணி. மாட்டு வண்டியும் குதிரையும் நடையுமே அன்றைய பயண வழிகள். கூடாரமே வீடு.

அக்காலத்தில் ஒளிப்படக் கருவி பெருஞ்சுமை. கண்ணாடித் தகடுகளையும் மருந்துக் கலவைகளையும் காடு மேடெல்லாம் சுமந்து செல்வது அரிது. ஆகவே நிலவியலாருக்குப் பென்சிலும் குறிப்பேடுமே கண்ணுக்குத் துணை. ஆற்றின் அரித்த கரையைக் கண்டால் அதன் குறுக்குவெட்டை வரைதல் வேண்டும். மேலே மணல், அடுத்துச் சரளை, அதன்கீழ்ச் செம்புரைக்கல், அடியில் களி என அடுக்குகளைப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். குன்றின் சரிவு எப்பக்கம் சாய்கிறது என்பதைக் கோட்டால் உணர்த்துதல் வேண்டும். இது கடமைக்காக வரைவது. ஃபூட் அவ்வளவில் நிறைவுறவில்லை. நிலத்தின் அழகையும் தீட்டினார். ஓவியம் அவருக்குப் பிழைப்பன்று, விருப்பம். ஊதியத்திற்கு வரைபவன் பணி முடிந்ததும் கோலைக் கீழே வைத்துவிடலாம். விருப்பத்திற்கு வரைபவனுக்கு அந்த ஓய்வு இல்லை.

1859-இல் ஐரோப்பிய அறிவுலகில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் மிகத் தொன்மையான மனிதர்களால் ஆக்கப்பட்டவையே என்று ஆங்கில அறிஞர்கள் நேரில் ஆராய்ந்து உறுதி செய்தனர். அச்செய்தி ஃபூட்டின் உள்ளத்தில் விதையாக விழுந்தது. தென்னாட்டுச் சரளைப் படிவுகளிலும் அத்தகைய கருவிகள் இருத்தல் கூடுமே என்ற எண்ணம் அவரைத் தேடச் செய்தது. 1863 மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில், சரளைக்காகத் தோண்டிய பள்ளத்தருகே எறியப்பட்டிருந்த கற்குவியலிடையே ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. இந்தியாவில் முதன்முதலாக இனங்காணப்பட்ட பழைய கற்காலக் கருவி அதுவே.

ஆயிரம் கற்களிடையே அந்த ஒன்று மட்டும் தனித்துத் தெரிந்தது எவ்வாறு? அவர் பெற்ற அறிவியற் பயிற்சி ஒரு காரணம். வரையும் பழக்கம் இன்னொரு காரணம் எனக் கருத இடமுண்டு. கல்லொன்றை வரையப் புகுந்தவன் அதன் புறவரையை முதலில் காண வேண்டும். பிறகு சில்லு பெயர்ந்த தழும்புகளை ஒவ்வொன்றாகக் காண வேண்டும். எந்தத் தழும்பு முந்தியது, எது அதன்மேல் பிந்தி விழுந்தது என்று அறிய வேண்டும். ஆறு உருட்டிய கல்லில் தேய்வு எங்கும் பரவியிருக்கும். மனிதன் செதுக்கிய கல்லிலோ இருபுறத் தழும்புகளும் ஒரு விளிம்பை நோக்கிச் செல்லும். பார்வை மேலோட்டமாயின் இவ்வேறுபாடு புலப்படாது.

அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் ஃபூட்டும் கிங்கும் அத்திரம்பாக்கத்தை அடைந்தனர். ஓடை அரித்த இடங்களில் குவார்ட்சைட் எனப்படும் கடினப் பாறையாலான கைக்கோடாரிகள் மிகுதியாகக் கிடைத்தன. அல்லிக்குழிக் குன்றுகளிலும் சத்தியவேட்டுப் பகுதியிலும் உள்ள கூழாங்கற் படிவுகளே அத்தகைய கல்லுக்குரிய மூலம். கண்டவற்றைத் தொகுத்து, கருவிகளின் படங்களுடன் 1866-இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் ஃபூட் வெளியிட்டார். பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வடார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியல் பற்றிய அவரது விரிவான நூல் 1873-இல் வந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் மண் முறையாக எழுத்தில் ஏறியது இவ்வாறே.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. கரையோரச் செம்புரைப் படிவுகள் கடலடியில் உருவானவை என்று ஃபூட் அந்நாளில் கருதினார். பிற்கால ஆய்வு அக்கருத்தை ஏற்கவில்லை. விளக்கம் வீழ்ந்தது, ஆனால் எந்த இடத்தில், எந்த அடுக்கில், எத்தகைய கல் கிடைத்தது என்று அவர் பதிந்தவை வீழவில்லை. கருத்துப் பிழைபட்டாலும் கண்டதைக் கண்டவாறு பதிந்த ஏடு நிற்கும் என்பதற்கு ஃபூட்டின் வாழ்வே சான்று.

தமிழறிஞர்கள் மகிழ்தற்குரிய உறவொன்றும் அவருக்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவருமான பீட்டர் பெர்சிவல் ஃபூட்டின் மாமனார். பெர்சிவல் 6,000-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874-இல் பதிப்பித்தார். மாமனார் மக்கள் நாவில் வழங்கிய பழஞ்சொற்களைச் சேர்த்தார். மருமகன் மக்கள் காலடியில் கிடந்த பழங்கற்களைச் சேர்த்தார். எவரும் பொருட்படுத்தாதவற்றைப் பொறுமையாகத் திரட்டியதில் இருவரும் ஒரே நெறியினர்.

ஃபூட் தென்னிந்தியா முழுவதும் நடந்தார். கர்நூல்ப் பகுதியின் பில்ல சுர்க்கம் குகைகளை 1880-களில் ஆராய்ந்தார். அவருடைய மகன் என்றியும் அப்பணியில் ஈடுபட்டார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதி 1883-இல் வெளியிட்டார். 1891-இல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் அரசுகளுக்காகவும் உழைத்தார். பின்னர் ஏற்காட்டில் தங்கினார். வாழ்நாளெல்லாம் திரட்டிய தொல்பொருள்களை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் 40,000 ரூபாய்க்குப் பெற்றுக்கொண்டது. அத்தொகுப்பின் விளக்கப் பட்டியலைத் தம் முதுமையில் எழுதினார். அது நூலாக வந்தது 1914-இல். அதன் தொடர்ச்சி 1916-இல். இரண்டையும் காண அவர் இல்லை. 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். நிலவியல் துறையில் சேர்ந்த அதே நாளில், 54 ஆண்டுகள் கழித்து, அவர் பயணம் முடிந்தது.

அவர் தொடங்கிய பணி ஓயவில்லை. 1985-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பூண்டியில் தொல்பழங்கால அகழ்வைப்பகத்தை நிறுவியது. 1999 முதல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் அகழாய்ந்தனர். அங்குள்ள கைக்கோடாரிப் பண்பாடு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மை உடையது என்று 2011-இலும், இடைப் பழைய கற்காலம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-இலும் அவர்கள் வெளியிட்டனர். ஃபூட் கனவிலும் எண்ணியிராத தொன்மை அது.

கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் எழுந்துள்ளன; சாலைகள் விரிந்துள்ளன; செம்மண்ணும் சரளையும் நாள்தோறும் லாரிகளில் ஏறுகின்றன. வாழ்வு வளர இவை வேண்டியவையே. ஆயினும் பல்லாவரத்துக் கல்லும் வெட்டி எறிந்த சரளையிடையே கிடந்ததுதான். அன்று அங்கே நின்று பார்க்க ஒருவர் இருந்தார். தாம் வாழும் மண்ணின் ஒரு குன்றை, ஓர் ஏரிக்கரையை, ஒரு கல்லை நாளுக்கொன்றாக ஏட்டில் வரைந்து வைப்போர் ஊருக்கு ஒருவர் இருப்பினும் போதும். ஓவியம் சிறக்க வேண்டும் என்பதில்லை. பழக்கம் விடாதிருக்க வேண்டும். மண் போனபின் அதன் உருவத்தைக் கேட்டு வருவோர்க்கு அந்த ஏடே விடை கூறும்.