மண்டியிட்ட பெற்றோர்: கேத்தே கோல்விட்ஸ் அம்மையாரின் வாழ்க்கை

போரில் வென்றவர்களை உலகம் போற்றுகிறது. போரில் மடிந்தவர்களையும் ஆண்டுக்கு ஒரு நாளாவது மாலையிட்டு நினைக்கிறது. ஆனால், மடிந்தவனைப் பெற்று, வளர்த்து, வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டுப் பின்னர் வாழ்நாள் முழுதும் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர்களை யார் நினைக்கிறார்கள்? அவர்களுக்குப் பதக்கம் இல்லை, பட்டயம் இல்லை, வெற்றித்தூணில் பெயரும் இல்லை. அந்தப் பெற்றோர்க்கும் ஒரு கல் நாட்ட வேண்டும் என்று எண்ணி, எண்ணியபடியே நாட்டியவர் ஜெர்மன் நாட்டுப் பெண் கலைஞர் ஒருவர். கேத்தே கோல்விட்ஸ் என்பது அவர் பெயர். போரில் இறந்த தம் மகனுக்காக அந்தக் கல்லை எழுப்ப அவர் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் உழைத்தார். அந்த மகன் உயிர் வாழ்ந்த ஆண்டுகளும் பதினெட்டேதான்.

பிறப்பும் கல்வியும்

1867ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள், கிழக்குப் பிரஷ்யாவில் கோனிக்ஸ்பெர்க் என்னும் நகரில் அம்மையார் பிறந்தார். அந்நகரம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரஷ்யாவிடம் சேர்ந்து, இன்று கலினின்கிராட் என்று வழங்குகிறது. தந்தையார் கார்ல் ஷ்மிட் சட்டம் பயின்றவர். ஆயினும் தம் கொள்கைகள் அரசுப் பணிக்கு ஒத்துவாரா என்று கண்டு, கட்டடத் தொழிலை மேற்கொண்டார். தாய்வழிப் பாட்டனார் ஜூலியஸ் ரூப் ஒரு சமய போதகர். அரசு சார்ந்த திருச்சபையோடு மாறுபட்டுத் தனிச் சபை ஒன்றை நிறுவியவர். மனச்சான்றுக்கு மாறாக நடவாமையும், கிடைத்த திறமையைக் கடமையாகக் கருதுவதும் அந்தக் குடும்பத்தில் குழந்தைகளுக்குப் பாலோடு ஊட்டப்பட்டன.

பெண்கள் கலைக்கழகங்களில் நுழைய முடியாத காலம் அது. மகளிடம் ஓவியத் திறம் இருப்பதை அறிந்த தந்தையார் அவரைப் பெர்லினிலும் மியூனிக்கிலும் இருந்த மகளிர் கலைப்பள்ளிகளுக்கு அனுப்பினார். வண்ண ஓவியத்தைக் காட்டிலும் கோட்டோவியத்திலேயே அம்மையார் மனம் சென்றது. செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் கலையில் அவர் தேர்ச்சி பெற்றார். ஒரே படத்தைப் பல படிகள் எடுக்கலாம், விலை குறையும், செல்வர் மாளிகையில் மட்டுமன்றி எளியவர் கைக்கும் அது போய்ச் சேரும். இந்தக் காரணமும் அக்கலையின்பால் அவரை ஈர்த்தது.

இல்லறமும் கலையும்

1891இல் கார்ல் கோல்விட்ஸ் என்னும் மருத்துவரை மணந்தார். இருவரும் பெர்லின் நகரின் வடபகுதியில், தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த ஒரு தெருவில் குடியேறினர். கணவர் தையல் தொழிலாளர்க்கான காப்பீட்டு நிதியின் மருத்துவர். அவரை நாடி வந்த ஏழைப் பெண்களின் முகங்களே அம்மையாருக்குப் பாடநூல்கள் ஆயின. குடிகாரக் கணவனிடம் அடிபட்டவள், வேலையிழந்தவள், நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் என ஒவ்வொருத்தியும் தன் துயரத்தை அந்த வீட்டில் இறக்கி வைத்துச் சென்றாள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அம்மையார் அந்தத் தெருவிலேயே வாழ்ந்தார். இன்று அத்தெரு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1892இல் மூத்த மகன் ஹான்ஸும், 1896இல் இளைய மகன் பீட்டரும் பிறந்தனர். வீட்டையும் கவனித்துக்கொண்டு, கலையையும் கைவிடாமல் அவர் உழைத்தார். நெசவாளர் கிளர்ச்சியைப் பற்றிய அவரது படத்தொகுதி 1898இல் பெர்லின் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதற்குப் பொற்பதக்கம் அளிக்கலாம் என்று நடுவர் குழு பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். பதக்கம் வரவில்லை, புகழ் வந்தது.

1903இல் அவர் வரைந்த படம் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். இறந்த குழந்தையை மார்போடு இறுக அணைத்திருக்கும் தாயின் படம் அது. அதற்காகத் தம் ஏழு வயது மகன் பீட்டரை மடியில் கிடத்திக்கொண்டு, எதிரே கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அம்மையார் வரைந்தார். கனம் தாங்காமல் அவர் முனகியபோது, படம் அழகாக வரும், கவலைப்படாதே என்று சிறுவன் ஆறுதல் சொன்னானாம். பதினோர் ஆண்டுகள் கழித்து என்ன நேரப் போகிறது என்பதை அன்று தாயும் அறியவில்லை, மகனும் அறியவில்லை.

வழியனுப்பிய கை

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மனியின் இளைஞர்கள் திருவிழாவுக்குப் போவதுபோல் படையில் சேர்ந்தனர். பீட்டருக்கும் அந்த ஆவல் பற்றிக்கொண்டது. ஆனால் வயது பதினெட்டுதான். தந்தையின் சம்மதம் இன்றிச் சேர இயலாது. நோயாளிகளின் வலியை அன்றாடம் கண்ட தந்தை, நாடு இன்னும் உன்னை அழைக்கவில்லையே என்று தடுத்தார். மகன் தாயின் முகத்தைப் பார்த்தான். தாய் எழுந்து மகனுக்காகப் பரிந்து பேசினார். அந்தப் பேச்சுக்குத் தந்தை இணங்கினார்.

அம்மையாரின் பின்னைய வாழ்வு முழுவதையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு நிகழ்ச்சி போதும். அவர் போர்வெறி கொண்டவர் அல்லர். மகன் உயர்ந்ததொன்றுக்காகத் தன்னை ஈகிறான். அதற்குக் குறுக்கே நிற்பது தன்னலம் என்று கருதினார். அக்காலத்தில் நல்லவர் பலரும் அப்படித்தான் கருதினார்கள்.

அக்டோபரில் பீட்டர் போர்முனைக்குப் புறப்பட்டான். அதே மாதம் 22ஆம் நாளை ஒட்டிய இரவில், பெல்ஜியத்தில் டிக்ஸ்மூய்டே என்னும் ஊருக்கு அருகே குண்டடிபட்டு இறந்தான். அவனுடைய படைப்பிரிவில் முதலில் வீழ்ந்தவன் அவனே. மாத இறுதியில் செய்தி வீடு வந்து சேர்ந்தது. அவன் அறையைக் குலைக்காமல் அம்மையார் அப்படியே வைத்திருந்தார்.

பதினெட்டு ஆண்டு உழைப்பு

அவ்வாண்டு டிசம்பரிலேயே நினைவுச் சின்னம் ஒன்று எழுப்பும் எண்ணம் அவர் உள்ளத்தில் தோன்றியது. மகன் நீட்டிப் படுத்திருக்க, தலைமாட்டில் தந்தையும் காலடியில் தாயும் இருக்குமாறு முதலில் திட்டமிட்டார். தன்னார்வப் படையினராய்ச் சென்று மடிந்த இளைஞர் அனைவரையும் போற்றும் சின்னமாக அது விளங்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் வேலை நடக்கவில்லை. செய்வார்; மாற்றுவார்; மீண்டும் செய்வார். 1919இல் அதைக் கைவிட்டார்.

கை ஓடாததற்குக் காரணம் உள்ளத்தில் இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, இந்தப் போர் எந்த உயர்ந்த நோக்கத்துக்காகவும் நடைபெறவில்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று. இளைஞர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று எண்ணினார். அப்படியானால் பீட்டர் எதற்காக இறந்தான்? போர் தவறு என்று சொன்னால், அவன் நம்பிக்கைக்கு இரண்டகம் செய்வதாகாதா? சொல்லாவிட்டால், இன்னும் எத்தனை பீட்டர்கள் போவார்கள்? இந்த இரு கேள்விகளுக்கும் இடையே அவர் நான்கு ஆண்டுகள் துடித்ததை அவருடைய நாட்குறிப்புகள் காட்டுகின்றன.

1918 அக்டோபரில் விடை பிறந்தது. ஜெர்மனி தோற்கும் நிலையில் இருந்தபோது, ரிச்சர்ட் டேமல் என்னும் கவிஞர், எஞ்சியுள்ளோரும் தாமாக முன்வந்து களம் புக வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். அதை மறுத்து அம்மையார் செய்தித்தாளில் வெளிப்படையாக எழுதினார். போதுமான பேர் மடிந்துவிட்டார்கள், இனி ஒருவரும் மடியலாகாது என்பது அவர் வாதம். பெருங்கவிஞர் கதேயிடமிருந்து விதையைப் பற்றிய ஒரு கருத்தையும் துணைக்கு அழைத்தார். உழவர் வீட்டில் பிறந்த நமக்கு அதை விளக்க வேண்டுவதில்லை. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதை நெல்லை உரலில் இடமாட்டார்கள். இட்டால் அன்றைய பசி தீரும், அடுத்த ஆண்டு வயல் தரிசாகும். ஒரு நாட்டின் இளைஞர்கள் அந்த விதை நெல்லுக்கு ஒப்பானவர்கள்.

1919இல் பிரஷ்யக் கலைக்கழகம் அவரை உறுப்பினராக்கிக் கொண்டது.  பேராசிரியர் பட்டமும் கிடைத்தது. பின்னர், போர் என்னும் தலைப்பில் ஏழு மரச்செதுக்குப் படங்களை வெளியிட்டார். அவற்றில் பீரங்கி இல்லை, போர்க்களம் இல்லை, பகைவனும் இல்லை. பச்சிளங் குழந்தையைக் கையில் ஏந்திக் கொடுக்கும் தாய், தன்னார்வ இளைஞர், பெற்றோர், கைம்பெண், குழந்தைகளைச் சூழ்ந்து அரணாய் நிற்கும் அன்னையர் ஆகியோரே இருந்தனர். 1924இல் இனி ஒருபோதும் போர் வேண்டாம் என்று கையுயர்த்தி முழங்கும் இளைஞனின் சுவரொட்டியைத் தீட்டினார்.

கைவிட்ட சின்னத்தை அதன்பின் மீண்டும் தொடங்கினார். 1926 ஜூனில் கணவரோடு பெல்ஜியம் சென்று மகனின் கல்லறையைக் கண்டார். சின்னஞ்சிறு சிலுவைகள் வரிசை வரிசையாய் நின்ற அந்த இடத்தைக் கண்டபின் திட்டம் தெளிவு பெற்றது. கிடக்கும் மகனின் உருவத்தை அவர் நீக்கிவிட்டார். தாயும் தந்தையும் மட்டும் போதும் என்று முடிவு செய்தார்.

1931இல் இரு உருவங்களின் மாதிரிகளும் முடிந்தன. கல் தச்சர்கள் அவற்றைப் பெல்ஜியக் கருங்கல்லில் வடித்தனர். 1932 ஜூலையில், ரோக்கவெல்டே என்னும் இடத்தில் பீட்டர் புதைக்கப்பட்டிருந்த கல்லறைத் தோட்டத்தில் அவை நிறுவப்பட்டன. தந்தை நிமிர்ந்து மண்டியிட்டு, இரு கைகளாலும் தம் உடலையே இறுகக் கட்டிக்கொண்டு, அழுகையை அடக்கி நேரே நோக்குகிறார். தாய் போர்வைக்குள் ஒடுங்கித் தலை குனிந்து மண்டியிட்டிருக்கிறார். தந்தையின் முகத்தில் கார்லின் சாயல். தாயின் முகத்தில் அம்மையாரின் சாயல். இருவரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை. தனித்தனி மேடையில், இடைவெளி விட்டு, தனித்தனியே துயரத்தைச் சுமக்கிறார்கள்.

நம் முன்னோர் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நட்டுப் பெயரும் பீடும் எழுதினர். அம்மையார் நட்ட கல்லிலோ வீரனின் உருவமே இல்லை. இருந்து அழுதவர்களின் உருவமே இருக்கிறது. அந்த மண்டியிடலை, மன்னிப்புக் கேட்கும் ஒரு தலைமுறையின் வணக்கமாகக் காண்பதில் தவறில்லை. அனுப்பி வைத்தவர்கள், போனவர்கள் முன் மண்டியிடுகிறார்கள்.

மீண்டும் ஒரு போர்

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். அவரை எதிர்த்துத் தொழிலாளர் கட்சிகள் ஒன்றுபட வேண்டும் என்னும் வேண்டுகோளில் கையொப்பமிட்டதற்காக, அம்மையார் கலைக்கழகத்திலிருந்து விலக நேர்ந்தது. 1936இல் இரகசியக் காவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து, சிறை முகாமுக்கு அனுப்புவோம் என்று மிரட்டினர். அவர் படைப்புகளுக்குக் கண்காட்சிகளில் இடம் இல்லாமற் போயிற்று. ஆயினும் நாட்டை விட்டு வெளியேறவில்லை, வேலையையும் நிறுத்தவில்லை. இறந்த மகனை மடியில் ஏந்திய தாயின் சிறிய சிற்பம் ஒன்றை அந்த இருண்ட ஆண்டுகளில்தான் செய்தார்.

1940இல் கணவர் மறைந்தார். அதற்குள் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. ஹான்ஸ் தம் மூத்த மகனுக்கு, இறந்த தம்பியின் பெயரையே இட்டிருந்தார். அந்த இளைய பீட்டரும் படைக்கு அழைக்கப்பட்டான். அம்மையார் தம் கடைசிக் கல்லச்சுப் படத்தை அக்காலத்தில் வரைந்தார். துள்ளி வெளியே ஓடத் துடிக்கும் சிறுவர்களைக் கிழத்தாய் ஒருத்தி தன் கைகளை விரித்து மேலாடைக்குள் அடக்கி வைத்திருக்கும் காட்சி அது. 1918இல் எழுதிய விதைக் கருத்தையே அதற்குத் தலைப்பாக்கினார். 1942 செப்டம்பரில் இளைய பீட்டர் ரஷ்யப் போர்முனையில் வீழ்ந்தான். வயது இருபத்தொன்று.

1943இல் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பெர்லினை விட்டு அகன்றார். சில மாதங்களில் அவர் அரை நூற்றாண்டு வாழ்ந்த வீடு குண்டுக்கு இரையாயிற்று. பல படைப்புகளும் அழிந்தன. பின்னர் டிரெஸ்டன் நகருக்கு அருகில் உள்ள மோரிட்ஸ்பர்க்கில் தங்கினார். 1945 ஏப்ரல் 22ஆம் நாள் அங்கேயே கண் மூடினார். ஐரோப்பாவில் போர் ஓய இன்னும் பதினாறு நாட்களே இருந்தன.

நிலைத்த நினைவு

1950களில் சிறு கல்லறைத் தோட்டங்கள் ஒன்று சேர்க்கப்பட்டபோது, பீட்டரின் எச்சங்களோடு இரு சிலைகளும் பெல்ஜியத்தின் விலாட்ஸ்லோ என்னும் ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டன. 25,000க்கும் மேற்பட்ட ஜெர்மானிய வீரர்கள் அங்கே துயில்கிறார்கள். தந்தை சிலையின் முன்னுள்ள கல்லில், வேறு பல பெயர்களுக்கு நடுவே பீட்டர் கோல்விட்ஸ் என்னும் பெயரும் இருக்கிறது. தாயும் தந்தையும் அவன் ஒருவனுக்காக மட்டும் மண்டியிட்டிருக்கவில்லை; அங்குள்ள எல்லோருக்கும் அவர்களே பெற்றோர். மகனை ஏந்திய தாயின் சிறு சிற்பமோ, 1993இல் பேருருவாக்கப்பட்டுப் பெர்லினின் நடுவிடத்து நினைவு மண்டபத்தில் வைக்கப்பட்டது. கூரையில் உள்ள வட்டத் திறப்பின் வழியே மழையும் பனியும் அந்தத் தாயின்மேல் விழுகின்றன.

தவறு செய்யாதவர் வாழ்க்கை மட்டும்தான் நமக்கு வழிகாட்டும் என்பதில்லை. தாம் செய்ததை மறைக்காமல், பிறர்மேல் பழி போடாமல், அதை உலகுக்குப் பயன்படும் உண்மையாக்கிய வாழ்வும் வழிகாட்டும். கல்லூரியில் முதலாண்டு சேரும் மாணவரின் வயது என்ன? பதினெட்டு. பீட்டரின் வயது அதுதான். வகுப்பறையில் நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவரைப் பார்க்கும்போது, விதை நெல்லைக் காக்கச் சொன்ன அந்தத் தாயையும் ஒரு கணம் நினைப்போமாக!